கட்டளை வழங்கி (ஐகால் உணர்கருவி)

கட்டளை வழங்கி என்பது, தொலைவிலுள்ள கருவிகளின் வன்பொருள் அமைவுகளை ஒரு வலையமைப்பின் வழியாகப் படிக்கவும் மாற்றவும் பயன்படும் நிரலும், அந்நிரல் இயங்கும் கணினியும் ஆகும். மின்னழுத்தத்தைக் கூட்டுதல், குறைத்தல், பழுதான தடத்தை அணைத்தல், கருவியின் நிலைபொருளைப் புதுப்பித்தல் போன்றவை முன்பு ஒருவர் கருவியின் அருகே சென்று கையால் செய்த வேலைகள். இவற்றைக் கட்டளை வழங்கி செய்திகளாக மாற்றி அனுப்புகிறது. அவை நிறைவேறினவா என்பதைச் சரிபார்த்துப் பதிவும் செய்கிறது.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தில் அமைக்கத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் (ஐ.என்.ஓ.) ஐகால் உணர்கருவி, இத்தகைய கட்டுப்பாட்டை நம்பி வடிவமைக்கப்பட்டதாகும். பொட்டிபுரத்தில் ஆய்வகம் கட்டப்படவில்லை. எனினும் அதன் மின்னணுப் பலகைகளும் கட்டுப்பாட்டு முறையும் உருவாக்கப்பட்டு, மதுரையிலுள்ள சிறிய மாதிரி உணர்கருவியில் இயக்கப்பட்டுள்ளன.

பின்புலம்

நியூட்ரினோ மின்னேற்றம் அற்ற, மிகச் சிறிய நிறை கொண்ட அடிப்படைத் துகள் ஆகும். அது பொருளோடு மிக அரிதாகவே வினைபுரியும். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் நியூட்ரினோக்களும் மியூவான்களும் உண்டாகின்றன. தரைமட்டத்தில் மியூவான்கள் மிக அதிகம். நியூட்ரினோ விட்டுச்செல்லும் அரிய தடயத்தை அவற்றுக்கிடையே பிரித்தறிய இயலாது. எனவே உணர்கருவியைப் பாறையின் அடியில் வைக்கின்றனர். பாறை மியூவான்களைத் தடுக்கும். நியூட்ரினோக்கள் அதைக் கடந்து வந்துவிடும்.

இந்தியாவில் இவ்வகை ஆய்வு புதியதன்று. 1965 ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவு செய்யப்பட்டன. உலகில் இவ்வகை நியூட்ரினோக்கள் முதன்முதலாக உணரப்பட்டது அவ்வாண்டில் கோலாரிலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் நடந்த சோதனைகளில்தான். கோலாரில் மின்னொளிக் குழாய்கள் ஒளிர்வதை ஒளிப்படக் கருவிகள் படமெடுத்தன. கருவிகளைப் பேண ஆய்வாளர்கள் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. 1992 இல் கோலார் ஆய்வகம் மூடப்பட்ட பின்னர், புதிய ஆய்வகத்துக்கான இடத்தேடல் நீலகிரியின் சிங்காரா வழியாகப் போடி மேற்கு மலையை வந்தடைந்தது.

பொட்டிபுரத் திட்டத்தின்படி, மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. நீளமுள்ள கிடைமட்டச் சுரங்கப்பாதை, மலைக்குள் குடையப்படும் பெருங்குகையைச் சென்றடையும். குகையைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய 1 கி.மீ. சார்னோகைட்டுப் பாறை இருக்கும். இப்பாறை மியூவான்களின் வரத்தை ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் எனக் கணிக்கப்பட்டது.

தொலைக்கட்டுப்பாட்டின் தேவை

ஐகால் என்பது காந்தமூட்டப்பட்ட இரும்புத் தகடுகளால் ஆன உணர்கருவி. அதன் எடை ஏறத்தாழ 50,000 டன். ஒவ்வொன்றும் 16 மீ. நீளம், 16 மீ. அகலம், 14.5 மீ. உயரம் கொண்ட மூன்று பகுதிகளாக அது வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியிலும் 5.6 செ.மீ. தடிமனுள்ள 151 இரும்பு அடுக்குகளும், அவற்றுக்கிடையே 4 செ.மீ. அளவிலான 150 இடைவெளிகளும் இருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் 64 தடைத்தகட்டறைகள் (ஆர்.பி.சி.) செருகப்படும்.

தடைத்தகட்டறை என்பது இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வாயு நிரப்பப்பட்ட தட்டையான பெட்டி ஆகும். இதன் நீளமும் அகலமும் ஏறத்தாழ 2 மீ.; வாயு இடைவெளி 2 மி.மீ. மட்டுமே. தகடுகளுக்கிடையே ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. மின்னேற்றமுள்ள துகள் ஒன்று வாயுவைக் கடக்கும்போது சிறு மின்துடிப்பு உண்டாகும். தகட்டறையின் இருபுறமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த செம்புப்பட்டைகள் அத்துடிப்பை உணர்ந்து, துகள் சென்ற இடத்தைக் காட்டுகின்றன.

மூன்று பகுதிகளையும் சேர்த்தால் 28,800 தகட்டறைகள். தகட்டறை ஒன்றுக்குப் பக்கத்துக்கு 64 ஆக 128 தடங்கள். ஆகவே மொத்தம் 36,86,400 தடங்கள்.

இவ்வெண்ணிக்கையே தொலைக்கட்டுப்பாட்டுக்கு முதற்காரணம். ஒருவர் ஒவ்வொரு தகட்டறையின் அருகிலும் பத்து நிமிடம் மட்டும் செலவிட்டு ஓர் அமைவை மாற்றுவதாகக் கொள்வோம். அனைத்தையும் முடிக்க 4,800 மணி நேரம், அதாவது இரவு பகலாக 200 நாட்கள் ஆகும். இரண்டாவது காரணம் இடம். ஒவ்வோர் அடுக்கிலும் தகட்டறைகள் எட்டுக்கு எட்டாக அமைவதால், நடுவிலுள்ளவற்றைத் தொட வேண்டுமெனில் ஓரத்திலுள்ளவற்றை முதலில் வெளியே இழுக்க வேண்டும். அதற்குக் கருவியின் அப்பகுதியை நிறுத்தியாக வேண்டும்.

மூன்றாவது காரணம் காலம். ஐகாலின் முதன்மை நோக்கம், மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் உள்ளன என்பதைக் கண்டறிவதாகும். இதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் தரவு சேர்க்க வேண்டியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் பூமியைக் கடந்து வருவதில் உள்ள சிறு வேறுபாடே இங்கு அளக்கப்படுகிறது. சில நூறு தகட்டறைகள் ஓரிரு மாதங்கள் தவறான அமைவில் இயங்கினாலும், அந்த வேறுபாடு இயற்கையினுடையதா கருவியினுடையதா என்ற ஐயம் எழும். எனவே அமைவை மாற்றுவது மட்டும் போதாது. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த அமைவு இருந்தது என்பதும் பத்தாண்டுகளுக்குப் பிறகு தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுப்படுத்தப்படும் அமைவுகள்

உயர் மின்னழுத்தம்: தகட்டறையின் உணர்திறன் இதைப் பொறுத்தது. குறைந்தால் துகள்கள் தவறிப்போகும். மிகுந்தால் இரைச்சலும் கசிவு மின்னோட்டமும் கூடும். வாயுவின் அடர்த்தி வெப்பநிலையாலும் காற்றழுத்தத்தாலும் மாறுவதால், ஒரே மின்னழுத்தம் எல்லா நாட்களிலும் ஒரே விளைவைத் தராது. அறை வெப்பநிலையில் 1 பாகை செல்சியசு உயர்வு, 10,000 வோல்ட்டில் ஏறத்தாழ 34 வோல்ட் மாற்றத்துக்கு ஈடானது. எனவே இவ்வளவுகளைத் தொடர்ந்து கண்காணித்து மின்னழுத்தத்தைத் திருத்த வேண்டும்.

வாசல் மின்னழுத்தம்: இந்த அளவுக்குக் கீழுள்ள துடிப்புகள் இரைச்சல் எனத் தள்ளப்படும். முன்முனை மின்சுற்று அட்டை ஒன்று 8 தடங்களைக் கவனிப்பதால், ஒரு தகட்டறைக்கு 16 அட்டைகளும், ஐகால் முழுமைக்கும் 4,60,800 அட்டைகளும் தேவைப்படும்.

தடத் தடுப்பு: இடைவிடாமல் பொய்த்துடிப்புகளை அனுப்பும் தடத்தை மட்டும் தனியே அணைத்தல். இவ்வாறு செய்யாவிடில், கெட்டுப்போன ஒரு தடம் தன் தகட்டறை முழுவதையும் பயனற்றதாக்கிவிடக்கூடும்.

கண்காணிப்பு இடைவெளி: இரைச்சல் வீதம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை எத்தனை வினாடிக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பது.

கட்டமைப்பு

ஒவ்வொரு தகட்டறையின் மூலையிலும் ஒரு சேகரிப்புப் பலகை பொருத்தப்படுகிறது. அதன் நடுவே எஃப்.பி.ஜி.ஏ. சில்லு உள்ளது. தயாரித்த பின்னரும் உள்ளிணைப்புகளை மாற்றி எழுதத்தக்க சில்லு இது. ஐகாலுக்கான பலகையில் சைக்லோன் 4 வகைச் சில்லும், அதற்குள்ளேயே நிரல்வழி உருவாக்கப்பட்ட நியோசு 2 செயலியும் பயன்படுத்தப்பட்டன. துடிப்பு வந்த நேரத்தைச் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட நேர அளவைச் சில்லு அளக்கிறது. டபிள்யூ5300 என்னும் வலையமைப்புச் சில்லு பலகையை ஈதர்நெட்டுடன் இணைக்கிறது.

இவ்வமைப்பால் ஒவ்வொரு தகட்டறையும் தனக்கெனப் பிணைய முகவரி கொண்ட ஒரு சிறு கணினியாகிறது. பலகையிலிருந்து கிளம்பும் கம்பி, பல அடுக்கு இணைப்பு மாற்றிகளைக் கடந்து கட்டுப்பாட்டு அறையின் கணினிகளை அடைகிறது. அங்குக் கட்டளை வழங்கி, நிகழ்வுத் தரவைத் திரட்டும் கணினிகள், கண்காணிப்புக் கணினி, தரவுத்தளம் ஆகியவை தனித்தனியே இயங்கும்.

நிகழ்வுத் தரவு ஒருபோதும் தொலையக்கூடாது என்பதால், இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு வரிசை மாறாமல் சேர்ப்பிக்கும் டி.சி.பி. நெறிமுறையில் அது செல்கிறது. கட்டளைகளுக்கும் கண்காணிப்புத் தகவல்களுக்கும் எளிய யூ.டி.பி. நெறிமுறை பயன்படுகிறது. யூ.டி.பி. முறையில், ஒரே பொதியைப் பல பலகைகளுக்கு ஒருசேர அனுப்ப இயலும். 28,800 பலகைகளிடமும் தரவுச் சேகரிப்பைத் தொடங்கு என்று தனித்தனியே சொல்லாமல் ஒரே குரலில் சொல்லிவிடலாம்.

ஒரு கட்டளையின் பயணம்

இத்தகைய அமைப்புகளில் ஒரு கட்டளை பொதுவாகப் பின்வரும் படிகளைக் கடக்கிறது.

1. பயனர் அல்லது தானியங்கு நிரல், கட்டளை வழங்கியிடம் ஒரு மாற்றத்தைக் கோருகிறது.
2. கோரிய மதிப்பு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளதா என வழங்கி சோதிக்கிறது. 9,900 வோல்ட்டுக்குப் பதிலாக 99,000 எனத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் கட்டளை இங்கேயே நின்றுவிடும்.
3. கட்டளையின் பெயர், வரிசை எண், பதிவகத்தின் முகவரி, புதிய மதிப்பு, பிழைகாண் தொகை ஆகியவற்றைக் கொண்ட பொதியை வழங்கி அனுப்புகிறது.
4. பலகை பிழைகாண் தொகையைச் சரிபார்த்து, மதிப்பைப் பதிவகத்தில் எழுதுகிறது.
5. எழுதிய மதிப்பைப் பலகை மீண்டும் படித்து, அதே வரிசை எண்ணுடன் விடை அனுப்புகிறது.
6. வழங்கி, கேட்டதையும் விடையையும் ஒப்பிட்டு, நேரத்துடன் தரவுத்தளத்தில் பதிகிறது.

இங்கு மூன்று மதிப்புகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று கோரிய மதிப்பு. இரண்டாவது பதிவகத்தில் இருக்கும் மதிப்பு. மூன்றாவது அளவைக்கருவி காட்டும் உண்மை மதிப்பு. முதலிரண்டும் ஒத்திருந்தும் மூன்றாவது மாறியிருக்கலாம். எடுத்துக்காட்டாக, பதிவகத்தில் 9,900 என்று இருந்தாலும், மின்வழங்கி பழுதாகியிருந்தால் தகட்டறையில் மின்னழுத்தமே இராது. ஆகவே பலகை அனுப்பும் விடை, கட்டளை சென்று சேர்ந்ததற்கு மட்டுமே சான்று. விளைவுக்குச் சான்று அளவீடே.

கட்டளை தொலைந்தால்

யூ.டி.பி. பொதி சென்று சேரும் என்பதற்கு உறுதி இல்லை. பத்தாயிரத்தில் ஒரு பொதி மட்டுமே தொலைவதாகக் கொண்டாலும், 28,800 பலகைகளுக்குச் செல்லும் ஒவ்வொரு பொதுக் கட்டளையையும் சராசரியாக மூன்று பலகைகள் பெறாமற் போகும். அந்த மூன்றும் பழைய அமைவிலேயே இயங்கும். வெளிப்பார்வைக்கு யாவும் சரியாகவே தோன்றும். எனவே வழங்கி, விடை தராத பலகைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் தனித்தனியே கட்டளையை மீண்டும் அனுப்ப வேண்டும்.

மீண்டும் அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தொலைந்தது கட்டளையாக இருக்கலாம். கட்டளை நிறைவேறி, விடை மட்டும் தொலைந்திருக்கலாம். இவ்விரண்டையும் வழங்கியால் பிரித்தறிய இயலாது. "மின்னழுத்தத்தை 100 வோல்ட் உயர்த்து" என்ற கட்டளை இருமுறை சென்றால் 200 வோல்ட் உயர்ந்துவிடும். "மின்னழுத்தத்தை 9,900 வோல்ட் ஆக்கு" என்ற கட்டளை எத்தனை முறை சென்றாலும் முடிவு ஒன்றே. எனவே தொலைக்கட்டுப்பாட்டில் மாற்றத்தின் அளவைச் சொல்லாமல், சென்றடைய வேண்டிய நிலையைச் சொல்லும் கட்டளைகளே விரும்பப்படுகின்றன.

மின்தடை ஏற்பட்டுப் பலகை மறுபடி உயிர்பெறும்போது, அது தொடக்க மதிப்புகளுடனேயே எழும். அம்மதிப்புகள் தீங்கற்றவையாக இருக்க வேண்டும். மறுதொடக்கம் நிகழ்ந்ததைப் பலகை தானாகவே தெரிவிக்க வேண்டும். வழங்கி தரவுத்தளத்திலிருந்து உரிய அமைவுகளை எடுத்து மீண்டும் ஏற்ற வேண்டும்.

நிலைபொருள் புதுப்பித்தல்

தொலைக்கட்டுப்பாட்டில் மிகுந்த இடர் உள்ள வேலை நிலைபொருளைப் புதுப்பித்தலே ஆகும். மற்ற கட்டளைகள் தவறினால் இன்னொரு கட்டளையால் திருத்தலாம். நிலைபொருள் தவறினால், அடுத்த கட்டளையைக் கேட்பதற்கான காதே பலகைக்கு இல்லாமற் போய்விடும். எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் செயலியும் வலையமைப்பைக் கையாளும் பகுதியும் அந்த நிலைபொருளாலேயே உருவாகின்றன என்பதே காரணம்.

இதற்குத் தீர்வாக, பலகையின் அழியா நினைவகத்தில் இரண்டு வடிவங்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது ஆலை வடிவம். புதுப்பித்தலின்போது இதில் கைவைப்பதில்லை. வலையமைப்பில் பேசுவதற்கும் புதிய நிலைபொருளைப் பெறுவதற்கும் தேவையானவை இதில் இருக்கும். இரண்டாவது பயன்பாட்டு வடிவம், புதுப்பிக்கப்படுவது இதுவே. பலகை எழும்போது முதலில் ஆலை வடிவம் இயங்கி, பின்னர் பயன்பாட்டு வடிவத்துக்கு மாறும். புதிய வடிவம் சிதைந்திருந்தாலோ, இயங்கத் தொடங்கிய பின் குறித்த காலத்துக்குள் காவல் கடிகாரத்தை மீட்டமைக்கத் தவறினாலோ, சில்லு தானாகவே ஆலை வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஐகாலின் பலகைகளுக்கு இத்தகைய தொலைநிலைப் புதுப்பித்தல் உருவாக்கப்பட்டது.

நடைமுறையில் எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் புதுப்பிப்பதில்லை. முதலில் ஒன்று, பிறகு ஓர் அடுக்கு, அதன்பின் ஒரு பகுதி எனப் படிப்படியாகச் செல்வதே பாதுகாப்பான வழியாகும்.

பாதுகாப்பு

வலையமைப்பின் வழியே மின்னழுத்தத்தை மாற்ற முடியுமெனில், அவ்வலையமைப்பை அடையும் எவரும் அதை மாற்ற இயலும். எனவே கருவியின் வலையமைப்பு பொது இணையத்திலிருந்து பிரிக்கப்படுகிறது. கட்டளைகள் வழங்கி ஒன்றின் வழியாக மட்டுமே செல்ல அனுமதிக்கப்படுகின்றன. பார்வையிடும் உரிமையும் மாற்றும் உரிமையும் தனித்தனியே தரப்படும்.

உயிருக்கோ கருவிக்கோ ஊறு விளைவிக்கும் நிலைகளைக் கட்டளை வழங்கியிடம் விட்டுவிடுவதில்லை. வாயு ஓட்டம் நின்றால் உயர் மின்னழுத்தத்தை அணைத்தல், காந்தச் சுருள் சூடேறினால் மின்னோட்டத்தை நிறுத்துதல் போன்றவற்றை, கணினியின் தயவில்லாமல் நேரடிக் கம்பிவழி இயங்கும் இடைப்பூட்டுகள் செய்வது வழக்கம். வலையமைப்பு அறுந்து கிடக்கும்போதும் அவை வேலை செய்தாக வேண்டும்.

மதுரையில் சிறு ஐகால்

மதுரையில் ஐ.என்.ஓ. குழுவினரின் உயர் ஆற்றல் இயற்பியல் மையம் இயங்குகிறது. அங்கு 85 டன் எடையுள்ள சிறு ஐகால் அமைக்கப்பட்டு, 2018 ஆம் ஆண்டு முதல் இயக்கப்பட்டது. 4 மீ. நீளமும் 4 மீ. அகலமும் கொண்ட 11 இரும்பு அடுக்குகளுக்கிடையே 10 இடைவெளிகளில் தகட்டறைகள் வைக்கப்பட்டன. எடையில் இது ஐகாலின் ஏறத்தாழ 600 இல் 1 பங்கு. தரைமேல் இருப்பதால் இது நியூட்ரினோவைத் தேடவில்லை. காஸ்மிக் மியூவான்களையே பதிவு செய்கிறது. காந்தம், தகட்டறைகள், சேகரிப்புப் பலகைகள், வலையமைப்பு ஆகியவை ஒருங்கே இயங்குவதைச் சோதிப்பது இதன் முக்கிய நோக்கம். ஆயினும் பத்து அடுக்குகளில் சரிவர இயங்குவது 450 அடுக்குகளிலும் அவ்வாறே இயங்கும் என்பதற்குச் சிறு ஐகால் முழுச் சான்றாகாது. அரிதாக நேரும் பிழைகள் எண்ணிக்கை பெருகும்போதே வெளிப்படும்.

பிற இடங்களில்

புனேக்கு வடக்கே உள்ள மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியில் 45 மீ. விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் ஏறத்தாழ 25 கி.மீ. பரப்பில் விரிந்துள்ளன. அவற்றைத் திருப்புவதும், ஏற்பிகளின் அமைவுகளை மாற்றுவதும் நடுவண் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒளியிழை வழியாக நடைபெறுகின்றன.

தென் துருவத்தில் உள்ள ஐசுகியூப் நியூட்ரினோ ஆய்வகத்தின் கட்டுமானம் 2010 டிசம்பரில் நிறைவடைந்தது. அதன் 5,160 உணரிகள் 1,450 முதல் 2,450 மீ. வரையான ஆழத்தில் பனிக்கட்டிக்குள் உறைந்துள்ளன. அவற்றை மீண்டும் வெளியே எடுக்க வழியில்லை. ஐகாலின் தகட்டறைகளையாவது சிரமப்பட்டு வெளியே இழுக்கலாம். ஐசுகியூபில் கட்டளை ஒன்றே வழி.

பல ஆய்வகங்கள் தமக்கெனத் தனியாக எழுதாமல் பொதுவான கட்டுப்பாட்டு மென்பொருள்களைக் கையாள்கின்றன. அமெரிக்காவின் லாசு அலமோசு, ஆர்கான் ஆய்வகங்களில் உருவான எபிக்சு அவற்றுள் புகழ்பெற்றது.

திட்டத்தின் நிலை

ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு 2015 சனவரியில் இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் நடுவண் அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. மலையைக் குடைவதால் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் கேடு நேரும் என எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அருகில் இருப்பதையும் சுட்டினர். நியூட்ரினோ இயற்கையில் எங்கும் நிறைந்துள்ளது, அதனால் தீங்கில்லை என்பது அறிவியலாளர் விளக்கம். எனினும் வழக்கின் மையம் நியூட்ரினோவாக இருக்கவில்லை. குகை தோண்டுதலே மையமாக இருந்தது. 2022 பிப்ரவரியில், புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது எனத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பொட்டிபுரத்தில் குகை தோண்டப்படவில்லை.

ஐகாலுக்காக உருவான சேகரிப்புப் பலகையும் கட்டளை முறையும் அவ்விடத்தை மட்டும் சார்ந்தவை அல்ல. ஆயிரக்கணக்கான உணரிகளை எட்டாத இடத்தில் வைத்து இயக்க வேண்டிய எந்தக் கருவிக்கும் அவை பொருந்தும்.